நனையாத மரம், உலரும் மரம்

குயிலாப்பாளையத்திலும், பொம்மையார்பாளையம் தொடங்கி மரக்காணம் வரையுள்ள கரையோர ஊர்களிலும் சொந்தக் கையால் பயண வண்டி கட்டப் புறப்பட்டிருக்கும் தம்பி தங்கையருக்கு,



காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வண்டி. உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு மெத்தை. பின்கதவைத் தூக்கினால் அடுப்பு வைத்துச் சமைக்க ஒரு மேடை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன்புறம் பருத்தும் பின்புறம் சரிந்தும், கீற்று நுனியில் தொங்கும் மழைத்துளியைப் படுக்கப் போட்டது போல இருக்கும். ‘டியர்ட்ராப் கேம்பர்’ என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் துளி வண்டி என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அமெரிக்காவில் 1930களில் பிறந்த வண்டி இது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1947இல், ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்ற இதழ் இதற்கு வரைபடம் வெளியிட்டது. போரில் மிஞ்சிய ஜீப் சக்கரத்தையும் அலுமினியத் தகட்டையும் வைத்துச் சாதாரணக் குடும்பங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கட்டிக்கொண்டன. கையில் கிடைப்பதை வைத்துக் கட்டுகிற அந்தக் குணம்தான் உங்களையும் இழுத்திருக்கும். நமக்கும் வளைந்த கூரை புதிதில்லை. மயிலம் முருகனுக்குப் பங்குனி உத்திரம் போன நம் பாட்டன் பாட்டிமார், மூங்கில் வளைத்துப் பாய் போர்த்திய கூண்டு வண்டியில்தான் போனார்கள். அந்த வண்டிக்குள்ளும் வண்டிக்கு அடியிலும்தான் படுத்து எழுந்தார்கள்.

இந்த மடல் முழுக்கத் துளி வண்டியின் கூரையைப் பற்றித்தான். சட்டம், அச்சு, சக்கரம், மெத்தை எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கூரை தவறினால் வண்டியே போய்விடும். எனக்கு அப்படித்தான் போயிற்று.

நான் தச்சு வேலை தெரிந்தவன். 2024 கோடையில் நண்பர் ஒருவருக்காகத் துளி வண்டி ஒன்று கட்டினேன். எட்டுக்கு நாலு பிளைவுட் இரண்டை அறுத்துப் பக்கச் சுவர்கள், குறுக்கே விலா போல மரச்சட்டங்கள், அவற்றின்மேல் வளைத்துப் போட்ட மெல்லிய பிளைவுட். அதற்கும் மேலே கடையில் வாங்கிய ஃபைபர் ஷீட். ஓரத்திலும் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் அரையடிக்கு ஒன்றாக ஸ்க்ரூ முறுக்கி, ஒவ்வொரு தலையிலும் சிலிக்கான் வைத்தேன். வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. நண்பரின் பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடி விளையாடினார்கள்.

நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தது. அந்த இரவை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரையைத் தொட்ட புயல் நகராமல் புதுச்சேரி பக்கத்திலேயே நின்றுகொண்டு கொட்டியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. இரண்டு நாள் கழித்து நண்பர் கூப்பிட்டார். மெத்தை ஊறிக் கிடந்தது. புயலைக் குறை சொல்லிக்கொண்டேதான் ஷீட்டைக் கழற்றினேன். கழற்றியதும் வாயடைத்துப்போனேன். அடியில் பிளைவுட் கறுத்திருந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கு அடுக்காகப் பிரிந்து உப்பியிருந்தது. ஒரே இரவில் வந்த கறுப்பு அல்ல அது. ஐப்பசியின் முதல் மழையிலிருந்தே தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் மரத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. துளைகளை எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் என் கையால் போட்டவை.

ஏன் அப்படி ஆயிற்று என்று பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

வெயிலில் நிற்கும் கூரை 65 டிகிரி வரை சுடும். விடியற்காலையில் 25க்கு இறங்கும். அந்த 40 டிகிரி ஏற்ற இறக்கத்தில் பன்னிரண்டடி நீள ஃபைபர் ஷீட் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்கும். அதன் அடியில் இருக்கும் பிளைவுட் சூட்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. இரண்டையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டால், ஷீட் தினமும் ஸ்க்ரூவை இழுத்துத் துளையைப் பெரிதாக்கும். சிலிக்கான் ஒரு பக்கம் விட்டுக்கொடுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் வேகத்தடைகளில் வண்டி முறுக்கும்போது மற்ற பக்கமும் விட்டுவிடும். அதற்குமேல் நம் காற்றில் உப்பு வேறு. துத்தநாகம் பூசிய இரும்பு ஸ்க்ரூ இந்தக் கரையில் ஓரிரு மழைக்காலத்துக்குமேல் தாங்காது.

ஆனால் துளையை மட்டும் குறை சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும். நம் கரையில் எத்தனையோ பொருள்கள் ஆயிரம் ஓட்டையோடு நன்றாகவே இருக்கின்றன. மரக்காணம் உப்பளத்தில் மழைக்கு முன் உப்புக் குவியலை ஓலை வேய்ந்து மூடுகிறார்கள். அந்த ஓலையில் எத்தனை இடுக்கு! கீற்றுக் கூரை வேய்கிறவர் ஆணி அடிப்பதில்லை, கயிற்றால் கட்டுகிறார். காற்று அடித்தால் அசையும், மழை பெய்தால் நனையும், வெயில் வந்தால் உலரும். கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே கட்டு இருக்கிறது. கடலில் நாள் முழுதும் ஊறும் மரம் அது. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் போட்டு உலர வைத்தார்கள். அதனால்தான் அது உழைத்தது.

இதிலிருந்து நான் படித்துக்கொண்டதை ஒரே வரியில் சொல்கிறேன். மரத்துக்கு இரண்டே வழிதான். நனைந்தால் உலர இடம் வேண்டும். உலர இடமில்லையென்றால் நனையவே கூடாது. என் கூரை இரண்டும் இல்லாதது. தண்ணீர் நுழைய நூற்றுப் பன்னிரண்டு வாசல், வெளியேற ஒன்றுகூட இல்லை. மேலே இருந்த ஃபைபர் ஷீட் மழையைத் தடுத்ததைவிட ஈரத்தைச் சிறைவைத்ததுதான் அதிகம்.

துளி வண்டியின் கூரையைக் கீற்று போல உலரவிட முடியாது. ஆகவே நமக்கிருப்பது இரண்டாவது வழி. அந்த வழியும் நம் கரைக்குத் தெரிந்ததுதான். 1980களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில், மீனவர்களுக்காகப் பிளைவுட் படகுகள் கட்டத் தொடங்கினார்கள். கட்டுமரத்துக்கு ஏற்ற பெரிய மரங்கள் அருகிப்போய்க்கொண்டிருந்த காலம் அது. பெல்ஜியத்திலிருந்து வந்து அங்கே மீனவர்களோடு வேலை செய்த பியர் ஜிலே அதில் முன்நின்றவர். பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, அந்தத் தையலின் மேல் கண்ணாடி இழையையும் ரெசினையும் போர்த்தினார்கள். பலகைகள் சேரும் இடமெல்லாம் ஒரே தோல். அலையில் இறங்கி ஏறும் படகுக்கே அந்தத் தோல் போதுமென்றால், சாலையில் ஓடும் நம் வண்டிக்குப் போதாதா?

நம் பக்கத்துக் குப்பங்களிலும் ஃபைபர் வந்து நாளாயிற்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள்தான். அவசரத்தில் எங்கெங்கோ பட்டறைகள் முளைத்தன; தடிப்புக் குறைந்த, ரெசின் சரியாக ஊறாத படகுகளும் கரைக்கு வந்தன. அவற்றை ஒட்டியும் திருத்தியும்தான் தந்திராயன்குப்பத்திலும் கூனிமேட்டிலும் அனுமந்தையிலும் ஒரு தலைமுறைக்கு இந்த வேலை கை வந்தது. எது பிரியும், எது நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அந்தக் கரை.

ஒன்றை மட்டும் அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் வழக்கமாக அச்சுக்குள் படகு வார்க்கிறார்கள். அச்சுக்கு மெழுகு தேய்த்து, முதலில் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு, அதன்மேல் மேட் என்ற கண்ணாடி இழைப் பாய், ரெசின் என்று வெளியிலிருந்து உள்ளே வேலை வரும்; கடைசியில் அச்சிலிருந்து கழற்றி எடுப்பார்கள். உங்கள் வண்டியில் அச்சு கிடையாது. பிளைவுட்டின் மேலேயே போர்த்த வேண்டும், அது மரத்தை விடவே கூடாது. கழன்று வர வேண்டிய வேலைக்கும் கழலவே கூடாத வேலைக்கும் முறை வேறு.

அந்த முறையை நான் பட்டதும் கேட்டதுமாகச் சொல்கிறேன்.

பிளைவுட் வாங்கும்போது பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதுதான் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம். வாங்கி வந்ததும் வேலையைத் தொடங்காமல் நிழலில் அடுக்கி, இடையில் கட்டை கொடுத்து, இரண்டு வாரம் காற்றாட விடுங்கள். ஈர மரத்தின் மேல் போர்த்தினால், நான் செய்த தப்பையே துளையில்லாமல் செய்ததாகும்.

வேலையன்று முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பலகையைத் துடையுங்கள். இது வேறு ஊர்க்காரர்களுக்குத் தேவைப்படாது, நமக்குத் தேவை. கடற்காற்று ராத்திரி முழுக்க உப்பைப் படியவிடும். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையும். அதை உப்பளத்து மக்கள் தினம் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த உப்புப் படலத்தின் மேல் ரெசின் பூசினால், மரத்துக்கும் ரெசினுக்கும் நடுவே நீங்களே ஈரத்தை வைத்துக் கட்டியதாக ஆகும். துடைத்தபின் நன்றாக உலரவிட்டு, எண்பதாம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள்.

கூரையும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பு கத்திபோல நிற்கக் கூடாது. கண்ணாடி இழை கூர்மையான முனையில் மடங்காது. எழும்பி நின்று அடியில் காற்றைப் பிடித்துக்கொள்ளும். சுண்டுவிரல் மொத்தத்துக்காவது விளிம்பை உருட்டி மழுக்குங்கள். ஸ்க்ரூ குழி, பலகை இணைப்பு எல்லாவற்றையும் ரெசின் பட்டியால் நிரப்பித் தேய்த்துச் சமமாக்குங்கள்.

நேரம் பார்ப்பது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேண்டாம். கத்திரி வெயிலும் வேண்டாம். டப்பாவிலேயே ரெசின் கெட்டியாகிவிடும். தை, மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு உகந்த மாதங்கள். காலையில் பனி இறங்கியிருக்கும். மதியம் சாய்ந்தபின் நிழலில் தொடங்குங்கள். வெயில் ஏறும்போது மரத்தின் நுண்துளைகளில் இருக்கும் காற்று விரிந்து ரெசினில் கொப்புளமாக எழும். சூடு இறங்கும் நேரத்தில் அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ரெசினில் இரண்டு வகை. படகுக்காரர்கள் பயன்படுத்துவது பாலியஸ்டர். விலை குறைவு, எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் மரத்தோடு அதன் பிடிப்பு சுமார்தான். எபாக்சி விலை கூடுதல். மரத்தைப் பிடித்தால் விடாது. பணம் இருந்தால் எபாக்சியே போடுங்கள். அப்போது மேட் வேண்டாம், நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் கரையாமல் விறைத்து நிற்கும். எபாக்சி காய்ந்தபின் மேலே மெழுகு போலப் படர்வதைத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்த பிறகே அடுத்த பூச்சு.

பாலியஸ்டர்தான் முடியும் என்றால், அதையும் ஒழுங்காகச் செய்தால் உழைக்கும். முதலில் மேட் இல்லாமல் நீர்த்த ரெசினை மட்டும் பூசி மரம் குடிக்கும் வரை குடிக்க விடுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே முதல் மேட். சதுர மீட்டருக்கு 300 கிராம் மேட், இரண்டு அடுக்கு போதும். பன்னிரண்டடி நீளம், ஐந்தடி அகலக் கூரைக்கு ஓரத்து மடிப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய ஆறு சதுர மீட்டர் வரும். மேட் மூன்றரைக் கிலோ, ரெசின் ஒன்பது கிலோ. எல்லாம் சேர்ந்து வண்டியின் மேல் ஏறும் எடை பதின்மூன்று கிலோவுக்குள். பலமாக இருக்கட்டும் என்று நாலு அடுக்கு போடாதீர்கள். இழுக்கப் போவது சின்னக் கார். இரண்டு மேட் சேரும் இடத்தில் மூன்று விரல் அகலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ரோலரால் உருட்டி வெள்ளையாகத் தெரியும் காற்றையெல்லாம் வெளியேற்றுங்கள். ரெசின் நன்றாக ஊறிய மேட் வெள்ளையாகத் தெரியாது, அடியில் இருக்கும் மரத்தையே காட்டும். எங்கே வெள்ளை மிஞ்சுகிறதோ அங்கே நாளைக்குத் தண்ணீர்.

பாலியஸ்டரைக் கலக்கும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒன்றோடொன்று நேராகச் சேரவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் கோபால்ட்டை விட்டு நன்றாகக் கலக்கி, அது முழுதும் கரைந்தபின்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே குவளையால் அளக்காதீர்கள். கேட்டலிஸ்ட்டின் அளவு ஒரு கிலோ ரெசினுக்குப் பத்து கிராமிலிருந்து இருபது கிராம். நம் வெயிலுக்குப் பத்தே போதும். அதற்கும் குறைத்தால் ரெசின் என்றைக்கும் முழுதாக இறுகாது. ஒரு கிலோவுக்குமேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். கால்மணி நேரத்தில் கெட்டியாகிவிடும்.

கூரையின் துணி கூரையோடு நிற்கக் கூடாது. விளிம்பைத் தாண்டிப் பக்கச் சுவரில் நாலு விரல் இறங்கி ஒட்ட வேண்டும். ஓட்டு வீட்டுக்கு இறவாணம் எப்படியோ அப்படி. கூரையும் சுவரும் சேரும் கோடுதான் எல்லாத் துளி வண்டியிலும் முதலில் ஒழுகும் இடம். ஒரே தோலாகப் போர்த்திவிட்டால் அந்தக் கோடே இருக்காது.

மேல்பூச்சு இல்லாத ஃபைபர் வெயிலில் நிற்காது. நம் ஊர் மாட்டுக் கொட்டகைகளின் மேல் கிடக்கும் பழைய ஃபைபர் ஷீட்டுகளைத் தடவிப் பாருங்கள். மேல்தோல் தேய்ந்து கண்ணாடி இழை முளைத்துக் கை அரிக்கும். பாலியஸ்டர் போட்டவர்கள் மெழுகு கலந்த டாப்கோட் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஜெல்கோட்டை மேலே பூசினால் காற்றுப் பட்டுப் பிசுபிசுப்பாகவே நிற்கும். எபாக்சி போட்டவர்களுக்கு இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட். நிறம் வெள்ளை அல்லது சந்தனம். கறுப்பும் கருநீலமும் வேண்டாம். சாதாரண பாலியஸ்டர் அறுபது எழுபது டிகிரிச் சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும்; உள்ளே படுப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

துளையே போடாமல் வண்டி கட்ட முடியாது. பின்கதவுக் கீல் வேண்டும், காற்றுப்போக்கி வேண்டும், விளக்கு வேண்டும். அங்கே படகுக்காரர்களின் வழியைப் பின்பற்றுங்கள். ஸ்க்ரூவைவிட இரண்டு மடங்கு பெரிய துளை போட்டு, நிரப்பு மாவு கலந்த எபாக்சிக் கூழால் அதை நிரப்பி இறுக விடுங்கள். அதன் நடுவில் சிறிய துளை. இனி அந்த ஸ்க்ரூ மரத்தைத் தொடாது; அதன் வழியே தண்ணீர் வந்தாலும் ரெசினைத்தான் சந்திக்கும். ஸ்க்ரூ எல்லாம் 316 தரத்துத் துருப்பிடிக்காத எஃகு. அடியில் பியூட்டைல் டேப். சிலிக்கானை எங்கேயும் தொடாதீர்கள். ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்ட்டும் ஒட்டாது, ரெசினும் ஒட்டாது. பின்கதவின் மேல்விளிம்புக்கு அடியில் ஒரு சின்ன வாய்க்கால் வைத்து, தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துபோக விடுங்கள். கதவிடுக்கில் வரும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தப் பார்ப்பதைவிட, அதற்குப் போக வழி காட்டுவது நல்லது.

இவ்வளவும் முடியாது, கடை ஷீட்தான் போடுவேன் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. முதலில் பிளைவுட்டின் இரண்டு பக்கமும் நாலு விளிம்பும் எபாக்சி பூசி மூடுங்கள். ஷீட்டை ஸ்க்ரூவால் இறுக்காமல், காய்ந்தபின்னும் ரப்பர் போல வளைந்துகொடுக்கும் பாலியூரித்தேன் பசையால் ஒட்டுங்கள். ஓரத்தில் மட்டும் அலுமினியப் பட்டை. பட்டைக்கு அடியில் ஒவ்வொரு ஓரத்திலும் ஷீட் நகர மூன்று மில்லிமீட்டர் இடம். அப்போது ஷீட் நீளும்போது எதையும் பிய்க்காது.

வண்டியைப் பற்றி இவ்வளவு சொன்னவன் உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. பாலியஸ்டர் ரெசினில் மூக்கைத் துளைக்கும் வாடை ஸ்டைரீனுடையது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று கருதப்படும் பொருள்களின் வரிசையில் உயர்த்தி வைத்தது. கதவு சாத்திய பட்டறையில் வேலை செய்யாதீர்கள். துணியைச் சுற்றிக்கொள்வது முகமூடி ஆகாது. கரிக்குடுவை வைத்த முகமூடி வாங்குங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகலாம். இறுகிய ஃபைபரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூள் பறக்காது. கேட்டலிஸ்ட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் தண்ணீரில் ஊறப்போடுங்கள். உங்களுக்கு இந்த வேலை ஒருமுறைதான். உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகும் அண்ணனுக்கு இது தினப்பாடு. அவருக்கும் ஒரு முகமூடி வாங்கிக் கொடுங்கள். போட்டுக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துங்கள்.

வெட்டிய ஓரங்களையும் தேய்த்த தூளையும் கடற்கரையிலோ கழுவெளிப் பக்கமோ கொட்டாதீர்கள். கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக 2021இல்தான் அறிவித்தார்கள். ஃபைபர் மக்காது, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. உடைந்த ஃபைபர் படகுகள் என்ன செய்வதென்று தெரியாமல் நம் கரையில் கிடப்பதைப் பார்க்கிறீர்கள். நாம் செய்யும் கூரை நெடுங்காலம் உழைக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்றே வருடத்தில் பிய்த்துப் போடும் கூரை ஊருக்குக் குப்பை.

இன்னொன்று. வண்டியைக் கட்டி முடித்தபின் பதிவுக்கு ஓடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி இழுவை வண்டிக்கும் பதிவு எண் வேண்டும். முதல் இரும்பை வெட்டும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய்க் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவுக்கும் தரத்துக்கும் ஏற்ப வரைந்துகொள்ளுங்கள்.

தம்பி தங்கையரே, என் நண்பரின் வண்டியை நான் மறுபடியும் கட்டிக்கொடுத்தேன். பழைய கூரையில் ஒரு பலகைகூடத் தேறவில்லை. புதிய கூரையைப் படகு வேலை தெரிந்த ஒருவரோடு சேர்ந்து, மாசி மாதத்து இரண்டு பிற்பகல்களில் போர்த்தினோம். அவர் செய்தார், நான் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். அந்தக் கற்றலை முதல் வண்டிக்கு முன்பே செய்திருக்கலாம். பொம்மையார்பாளையத்துக் கரை என் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டே. பிளைவுட்டில் முதல் ஸ்க்ரூ முறுக்கும் முன் ஒரு பிற்பகல் கரைக்குப் போங்கள். படகு ஒட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உதவிக்குக் கூப்பிட்டால் அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். கூரை முடிந்ததும், மெத்தை போடும் முன், மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். விரல் உலர்ந்தே வந்தால், ஐப்பசி எப்போது வேண்டுமானாலும் பிறக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்த் தச்சன் ஒருவன்
குயிலாப்பாளையம்